நீ என்றால் எழுந்து போவாள்

பர்மாவில் குண்டு விழுந்த வருடம், ஆனி மாதத்தில், என் நங்கை எங்கள் ஊருக்கு வந்தாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் சொல்வோம். வயதுக்கும் உறவுக்கும் பார்த்தால் 'வந்தார்' என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், அது வேறு யாரையோ பற்றி எழுதுவது போல் இருந்தது. அவள் என்றே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா இல்லை. மலை மேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் எங்களுக்கு ஒரு துண்டுக் காடும் நாலு பலா மரமும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் இருந்தன. நானும் அம்மாவும், பெண்கள் இரண்டு பேர், பாடுபட்டுச் சாப்பிட்டோம். அண்ணன் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் இருந்தான். போய் ஏழு வருடம். வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். கல்யாணம் செய்துகொண்டதை எந்தக் கடிதத்திலும் அவன் எழுதவில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கதவைத் திறந்து வைத்தால் அடுப்புப் புகை எது, மேகம் எது என்று தெரியாது. அன்று காலையும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தோம். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பிய இரண்டு பேர் தடத்தில் ஏறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மேகத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஆண்கள் கட்டும் கைலி மாதிரி ஒன்றை இடுப்பில் சுற்றியிருந்தாள். தலையில் துணிமூட்டை. இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"ஏனுங்க, இந்தப் பொண்ணு சந்தையில ஒரு சீட்டைக் காட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. படிச்சவங்க பாத்துட்டு உங்க ஊட்டுப் பேரு போட்டிருக்குதுன்னாங்க. பேச்சு ஒண்ணும் புரியலீங்க," என்றார் முன்னால் வந்தவர்.

அடிவாரத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி நான் மூன்று வருடம் பள்ளிக்கூடம் போயிருந்தேன். சீட்டை வாங்கிப் படித்தேன். அண்ணனின் எழுத்து. மழையில் நனைந்து காய்ந்திருந்தது. 'இவள் என் சம்சாரம். தமிழ் தெரியாது. எனக்குக் காய்ச்சல். தேறியதும் பின்னால் வருகிறேன். அம்மா இவளைப் பார்த்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான்.

இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் தலையிலிருந்த மூட்டையை இறக்கி, தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ சாப்பிட்டயா சாமி?" என்று கேட்டாள்.

உட்கார்ந்தவள் உடனே எழுந்தாள். திரும்பித் தடத்தைப் பார்த்தாள். அங்கே மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. சும்மா இருப்பாள், திடீரென்று எழுந்து வாசலுக்குப் போவாள். கேழ்வரகு திரித்துக்கொண்டிருப்பாள், பாதியில் விட்டுவிட்டுத் தடத்தின் வளைவு வரை காலை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வரும்போது முகத்தில் வருத்தம்கூட இருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு முகம். அம்மா அவளைக் காற்று ஏதோ பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, பெரியசாமிக்குச் சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டாள்.

மற்றபடி அவள் தங்கமான பெண். அம்மாவை முதல் நாளே 'அமே' என்று கூப்பிட்டாள். அவர்கள் பாஷையில் அம்மாவுக்கு அதுதான் சொல் என்பது எங்களுக்குத் தெரியாது. தமிழ் தெரியாதவள் அம்மா என்று கூப்பிடப் பார்க்கிறாள் என்று நினைத்து அம்மா நெகிழ்ந்துபோனாள். நங்கை காட்டில் விளா மரத்துப் பட்டையைத் தேடி எடுத்து வந்து கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வாள். வெளிர் மஞ்சளாக, நிலா ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். எனக்கும் பூசிவிட்டாள். மேகத்துக்குள் அந்தப் பூச்சோடு நாங்கள் இருவரும் மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தால், வழியில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அவள் எழுந்து போவதற்கும் எங்கள் பேச்சுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அம்மா பேசினால்தான் அவள் எழுகிறாள். எல்லாப் பேச்சுக்கும் இல்லை. ஒருநாள் களி கிண்டிக்கொண்டே கவனித்தேன். 'தண்ணி கொண்டா' என்றபோது தண்ணீர் கொண்டுவந்தாள். 'அடுப்பைப் பாத்துக்க' என்றபோது கையைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். 'நீ போய்ப் படு கண்ணு, கால் வலிக்கும்' என்றபோது வாசலுக்குப் போனாள்.

நான் சோதித்துப் பார்த்தேன். நீ இல்லாமல் பத்து வாக்கியம் பேசினேன். அசையவில்லை. "நீ" என்று ஒரே ஒரு சொல் சொன்னேன். கண் வாசலுக்குப் போனது.

"அம்மா, நங்கைகிட்ட நீன்னு சொல்லாதீங்க," என்றேன்.

"பின்ன மருமவளை நீங்கன்னா சொல்லச் சொல்றே?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. சாப்பிட்டயா, படுத்துக்க, அப்படிச் சொன்னாப் போதும்."

அது நம் பேச்சில் முடிகிற காரியம். சாப்பிட்டயா என்று கேட்டால் யாரைக் கேட்கிறோம் என்பது அந்தச் சொல்லின் வாலிலேயே இருக்கிறது. நீ என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அவசியமில்லாத அந்தச் சொல் எத்தனை முறை வாயில் வருகிறது என்பது அதை விட்டுப் பேச முயன்றால்தான் தெரியும். அம்மாவால் அரை நாள்கூட முடியவில்லை. பாசமாகப் பேசும்போதெல்லாம் நீ வந்துவிடும். நானோ முறைப்படி நீங்க என்று சொல்ல வேண்டியவள். 'நீங்க' என்றாலும் அவள் எழுந்தாள். கூடவே ஒரு குழப்பமான பார்வையும் பார்த்தாள்.

ஊரில் ஒரு பினாங்குக்காரர் இருந்தார். முறையில் எனக்கு மாமா. பினாங்கில் ரப்பர்த் தோட்டத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சண்டைக்கு முன்பே திரும்பியவர். கடலுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் ஒரே பாஷைதான் பேசுவார்கள் என்று அம்மா நினைத்தாள். நானும்தான். அவரை வரச் சொன்னோம். வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு, பெரிய காரியத்துக்கு வருகிறவரைப் போல வந்தார். நங்கைக்கு எதிரில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு பினாங்குப் பேச்சில் ஏதோ கேட்டார். அவள் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் சத்தமாகக் கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அவர் விடவில்லை. பொருள்களைக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். கையை வீட்டின் மேல் வீசி, "ரூமா நீ," என்றார். அவள் விருட்டென்று எழுந்து வெளியே போனாள்.

"பாத்தீங்களா, புரிஞ்சுக்கிச்சு. ஊட்டைச் சுத்திப் பாக்கப் போவுது," என்றார் மாமா.

"நீன்னா என்னங்க மாமா?" என்று கேட்டேன்.

"அந்தப் பாஷையில நீன்னா 'இந்த'ன்னு அர்த்தம் கண்ணு. நாம இந்த ஊடுங்கறோம். அவிய ஊடு இந்தம்பாங்க. ரூமா நீ. எதா இருந்தாலும் சாமானைச் சொல்லிப்போட்டு அதுக்குப் பின்னாடிதான் நீ வைக்கோணும்."

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இங்கே நீ என்றால் எதிரில் நிற்கிற ஆள். அங்கே கையில் இருக்கிற சட்டிகூட நீ. சரி, நங்கைக்கும் அதுதான் அர்த்தம் என்று இரண்டு நாள் நம்பினேன். அவளிடம் ஒரு சட்டியைக் காட்டி "சட்டி நீ" என்றேன். அவள் சட்டியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, "மநீபூ," என்றாள். எனக்கு அது மணிப்பூ என்று காதில் விழுந்தது. மணிப்பூ என்று ஒரு பூ எங்கள் மலையில் இல்லை. ஏதோ பூ கேட்கிறாள் என்று நினைத்து, வேலியோரம் பூத்திருந்ததில் ஒரு கை பறித்து வந்து கொடுத்தேன். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் குழப்பத்தை அவளே தீர்த்தாள். எங்கள் சேவல் முற்றத்தில் நின்றிருந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதன் கொண்டையைக் காட்டி, "நீ," என்றாள். பிறகு பழுத்த மிளகாய் ஒன்றை எடுத்து, "நீ." பச்சை மிளகாய் ஒன்றை எடுத்துத் தலையை ஆட்டி, "மநீபூ." கடைசியில் அந்தக் கரிச் சட்டியைக் காட்டி மறுபடியும் "மநீபூ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிவப்பு. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேர்த்தால் சிவப்பாக இல்லை. அவர்கள் பேச்சில் சிவப்பு என்பது ஓடுவது, தூங்குவது மாதிரி ஒரு வினை. மிளகாய் சிவக்கிறது, சட்டி சிவக்கவில்லை. அன்று எனக்கு ஒரு பெரிய கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆனால் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவள் கேட்டாள்: "செவப்புன்னு சொன்னா எதுக்குத் தடத்தைப் பாக்கறா?"



ஆடிப் பதினெட்டுக்குக் கோயில் ஆற்றுக்குப் போனோம். அந்த ஆற்று மீனை யாரும் பிடிக்க மாட்டார்கள், சாமி மீன். கூட்டம் பொரி போட, மீன்கள் படித்துறையில் கும்பலாக வந்து வாயைத் திறந்தன. நங்கை தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்து, "ஙா, ஙா," என்றாள். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிலேட்டில் ங, ஙா, ஙி, ஙீ என்று அந்த வரிசை முழுவதையும் எழுதிப் பழகியிருக்கிறேன். அந்த வரிசையில் தொடங்குகிற ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னால் வாத்தியாரே முழிப்பார். யாருக்கும் வேலையில்லாத அந்த எழுத்துக்கு எங்கோ ஒரு தேசத்தில் வேலை இருந்திருக்கிறது, மீனாக நீந்திக்கொண்டு இருந்திருக்கிறது. பிற்பாடு தமிழ் நன்றாக வந்ததும் அவள் சொன்னாள்: ஆமாங்க, இல்லீங்க, வாங்க, போங்க என்று நாங்கள் பேசியதைக் கேட்டு, இந்த மலை மேல் எல்லோரும் ஓயாமல் மீனைப் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் சோற்றில் ஒரு நாளும் மீன் வரவில்லையே என்று யோசித்தாளாம்.

புரட்டாசியில் அவள் முழங்கால் மோசமானது. பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்தபோது பாறையில் விழுந்து அடிபட்ட கால். நாங்கள் கட்டிய பச்சிலையில் வீக்கம் வடிவதும் ஏறுவதுமாக இருந்தது. மாதம் ஒரு சந்தை நாளில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா அடிவாரத்துக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பார் என்று சொன்னார்கள். துணைக்குப் பினாங்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு விடியலில் இறங்கினோம். டோலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்று மாமா எவ்வளவோ சொன்னார், அவள் ஏறவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தாள்.

மலை இறக்கம் நல்ல காலுக்கே கஷ்டம். பாதி வழியில் நான்தான் தளர்ந்துபோனேன். ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது மேகம் கீழிருந்து பிளந்தது. வெகு ஆழத்தில், தண்ணீருக்கடியில் தெரிவது மாதிரி, வயல்களும் ஓலைக் கூரைகளும் ஒரு கோடு போல் ரோடும் தெரிந்தன. நங்கை என் பக்கத்தில் வந்து குனிந்தாள். கூரைகளைக் கையால் காட்டினாள். பிறகு, அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரலில், "நீபீ," என்றாள். "நீபீ, நீபீ."

கூரை எதுவும் சிவப்பாக இல்லை. அவள் குரலும் சேவல் கொண்டையைக் காட்டியபோது இருந்த மாதிரி இல்லை. இந்த நீ கொஞ்சம் மேலே எழும்பி நின்றது. அவள் விரல்களைச் சேர்த்து, தொலைவுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைச் சுருக்கிக் காட்டினாள். பக்கம். பக்கத்தில் வந்துவிட்டது. அதுதான் அவள் சொன்னது.

நான் எழுந்து நடந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அது முழுதாக நெஞ்சில் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

சந்தை நெரிசலாக இருந்தது. ஒரு புளிய மரத்தடியில் டாக்டரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கம்பவுண்டர். நங்கையைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா முழங்காலை அழுத்திப் பார்த்து, கம்பவுண்டரிடம் ஏதோ சொன்னார். அந்தப் பேச்சில் 'நீ' என்று தெளிவாகக் கேட்டது. திரும்பவும் தொட்டு, நங்கையின் முகத்தைப் பார்த்து, "நீ?" என்றார்.

நங்கை பெஞ்சிலிருந்து எழுந்தாள். இந்த முறை தடம் இல்லை, முன்னால் முழுச் சந்தை இருந்தது. துணிக்கடை, கருவாட்டுக் கடை, மாட்டுத் தரகர்கள், நூறு நூறு முகங்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எட்டிப் பார்த்தாள். நாட்டை ஆள்கிற ராஜாவின் தேசத்து மனுஷியே சொல்லிவிட்டாள், இனிப் பொய் இருக்காது என்கிற மாதிரி அவள் முகம் மலர்ந்திருந்தது. கூட்டத்தில் அண்ணன் உயரத்தில் ஒரு ஆள் முதுகு காட்டிப் போனான். அவனுக்குப் பின்னால் நாலடி நடந்தாள். அவன் திரும்பினான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் இறங்கியது. மூன்று மாதமாக நாங்கள் அவளிடம் 'அருகில், அருகில்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். சாப்பாடு போடும்போது, தலை வாரும்போது, கால் பிடித்துவிடும்போது. அவளுக்கு யார் அருகில் வர வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பவுண்டர் நல்ல மனிதர். என்ன ஆயிற்று என்று கேட்டார். எதையோ பதிலாகச் சொல்ல வேண்டுமே என்று, "டாக்டரம்மா பெரியவங்களை நீன்னு பேசறாங்களேங்க," என்றேன். அவர் சிரித்தார்.

"இங்கிலீஷுல நீன்னா முழங்கால்மா. ஒரு கால்னா நீ, ரெண்டுன்னா நீஸ். எழுதறப்ப முன்னாடி ஒரு எழுத்து நிக்கும். ஆனா அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது."

"புருசன் பேரு மாதிரிங்களா?" என்றேன். யோசிக்காமல்தான் கேட்டேன். கம்பவுண்டர் அதை டாக்டரம்மாவுக்குச் சொல்ல, அவரும் சிரித்தார். நங்கை திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சீழை எடுத்து, மருந்து வைத்துக் கட்டினார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை.

அன்று அடிவாரத்தில் தங்கிவிட்டு மறுநாள் மாமா ஏற்பாடு செய்த டோலியில் அவளை ஏற்றிக்கொண்டு மலையேறினோம். தூக்குகிறவர்கள் இளைப்பாறிய ஓர் இடத்தில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேனா, எனக்குப் பாரம் இறங்க வேண்டும் என்று நினைத்தேனா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. என் நெஞ்சைத் தொட்டு, "நான்," என்றேன். அவள் நெஞ்சைத் தொட்டு, "நீ," என்றேன். வழக்கம்போல் அவள் பார்வை தடத்துக்குப் போனது. முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். மறுபடியும், "நான். நீ." மாமாவைக் காட்டி, "மாமா." அவளைத் தொட்டு, "நீ." ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன்.

அவள் என் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ," என்று தன்னையே தொட்டுச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னைத் தொட்டு, "நீ?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். ஒருவர் சொன்னால் ஒருத்தி, மற்றவர் சொன்னால் மற்றவள் என்று இடம் மாறுகிற சொல் அது என்பதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். மூன்று மாதப் பேச்சு முழுவதும் அவளுக்குள் திரும்ப ஓடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் அழவில்லை. மேகம் வந்து எங்களை மூடியது. டோலி தூக்கியவர்கள் கூப்பிட்டபோதுதான் எழுந்தோம்.

அதற்குப் பிறகு அவள் தடத்தைப் பார்க்கவில்லை. யார் நீ என்றாலும், வேலையிலிருந்து தலையை நிமிர்த்தி, சொன்னவர் முகத்தைப் பார்த்தாள். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அம்மா, விறகு பொறுக்குகிற சாக்கில், தடத்தின் வளைவு வரை போய்விட்டு வரத் தொடங்கினாள்.

நங்கைக்குத் தமிழ் வேகமாக வந்தது. நான்தான் பத்து நாள் அவளிடம் நீயும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவளோ எல்லோரையும் நீ என்றாள். அம்மாவை, பினாங்கு மாமாவை, மழை பற்றி விசாரிக்க வந்த ஊர்க் கவுண்டரைக்கூட, "நீ உக்காரு," என்றாள். வாசலில் நின்ற எங்களுக்கு உயிர் போய் வந்தது. கவுண்டர் அவளைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு, "என்ர ஆத்தாளுக்கப்புறம் என்னைய இப்படி ஆரும் கூப்பிடலை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மிளகு பறித்துக் காய வைத்திருந்த தை மாதத்தில் ஒரு மத்தியானம் அண்ணன் வந்தான். நாங்கள் மூன்று பேரும் பாயில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தோம். எலும்பும் தோலுமாக, தாடியோடு, வேலி ஓரத்தில் ஒரு ஆள் நின்றான். அன்று அம்மாகூட வளைவுக்குப் போயிருக்கவில்லை.

"அம்மா, வந்துட்டனுங்க," என்றான்.

அம்மா எழ முடியாமல் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். நங்கை கையில் இருந்த மிளகைப் பாயில் கொட்டி, பரப்பிவிட்டு, இரண்டு கையையும் தட்டிக்கொண்டு எழுந்தாள். அவனிடம் போய் முதலில் அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். பிறகு அவர்கள் பேசினார்கள்.

அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. மழை ஓட்டில் விழுவது மாதிரி அத்தனை வேகம். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறு மாதமாக ஒரு பேச்சு வளர்ந்திருந்தது. பாதி தமிழ், பாதி அவள் சொல், மீதி கை. அதை நாங்கள் இரண்டு பேர்தான் பேசினோம். அவள் பேச்சில் பாதி எனக்குத் தெரியும் என்று பெருமையாக வேறு இருந்தேன். அன்று அவர்கள் பேசியதில் எனக்கு மூன்று சொல் புரிந்தது. அவள் ஏதோ சொல்ல அண்ணன் சிரித்தான். எட்டு மாதம் ஆஸ்பத்திரியிலும் ரோட்டிலும் கிடந்து பிழைத்து வந்த அண்ணனைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன்தான். ஆனாலும் அடுப்படியில் போய் நின்று, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதேன். அது சந்தோஷ அழுகை இல்லை.

சில நாள் கழித்து அண்ணனிடம் நீபீயைப் பற்றிக் கேட்டேன்.

"மலை தாண்டி வாரப்ப அவ நடக்க முடியாம உக்காந்துக்குவா. நீபீ, நீபீன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். பக்கம் வந்துட்டம்னு அர்த்தம். பக்கமெல்லாம் இல்ல. எவ்வளவு தூரம்னு எனக்கே தெரியாது. எல்லையில கேம்ப்புல எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டேன். அவளை லாரியில ஏத்தறப்பவும் அதைத்தான் சொன்னேன். போ, நீபீ."

"உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க, அவிய பேச்சுல? நம்ம நீ மாதிரி?"

"ஆம்பளை சொல்றதுக்கு ஒண்ணு, பொம்பளை சொல்றதுக்கு ஒண்ணுன்னு இருக்குது. முக்காவாசி நேரம் அதுகூட வராது. பேரைச் சொல்லுவாங்க, இல்லாட்டி உறவைச் சொல்லுவாங்க. நீன்னு விரலை நீட்டறாப்புல பேசறதில்ல."

பல வருடம் கழித்து, தமிழ் படித்த ஒருவர் நம் பாஷையிலேயே நீ என்பதற்கு இன்னொரு பொருள் இருப்பதைச் சொன்னார். நீ என்றால் விட்டுப் போ என்றும் அர்த்தமாம், அதிலிருந்துதான் இறந்தவர்களை நீத்தார் என்கிறோமாம். இதை நங்கையிடம் சொன்னபோது அவள் காய் அரிவதை நிறுத்தாமல், "ஒரு சொல்லுக்கு எத்தனை ஊடு," என்றாள்.

அண்ணன் வந்த மறு வருடம் என்னைப் பெரக்கரை நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். சண்டை முடிந்ததும் கப்பல் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, ரங்கூனுக்குத் திரும்பிப் போகலாமா என்று அண்ணன் அவளைக் கேட்டிருக்கிறான். அவள் தன் தாய்க்கு மூன்று கடிதம் எழுதிப் போட்டாள். பதில் இல்லை. பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அப்பாவின் காட்டோடு சேர்த்து இன்னொரு துண்டையும் திருத்தி மரவள்ளி வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. அதன் கன்னத்திலும் விளாம்பட்டைச் சாந்து.

எனக்கு மூத்தவன் பிறந்து வீட்டோடு கிடந்தபோது, நங்கை காடு மேடெல்லாம் தாண்டி என்னைப் பார்க்க வருவாள். முழங்கால் முழுதாக மடங்காது, ஆனாலும் நடந்தே வருவாள். ஒருநாள் வாசலில் யாரோ ஒரு பெண், வேலியை முட்டித் தள்ளுகிற எருமையை, "ஏன் ஆத்தா, கண்ணு தெரியலியா உனக்கு, அந்தப் பக்கம் போ சாமி," என்று அதட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துக் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தது அவள்.

சாமைச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வெளியே மேகம் இறங்கி முற்றத்தை மூடியது. நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் அவள் பேசினாள். அவள் ஊர்ப் பேச்சு. யாரோ எதிரில் இருக்கிற மாதிரி, கேட்பதும் பதில் சொல்வதுமாக, நிதானமாக, நீளமாகப் பேசினாள். ஒரு இடத்தில் மூக்கால் சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுப்பவும் மனம் வரவில்லை. மழை தூறத் தொடங்கியதும் உரித்த அவரையை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, ஆட்டைப் பிடித்துக் கட்டப் போனேன்.